அந்த ஊரில் ஒரு செவ்வாய்க்கிழமை

36 வயது வாசகி ஒருவர் மூன்று பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். யார் என்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

பெருநகரம் ஒன்றில், கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் 11 வருடமாகப் பொறியாளராக இருக்கிறார். நிறுவனம் ஏழு லட்சம் பேர் வாழும் ஒரு நடுத்தர நகரத்தில் கிளை திறக்கிறது. அந்தக் கிளைக்கு இவரைத் தலைவராக அனுப்ப நினைக்கிறார்கள். பதவி உயர்வும் உண்டு. பதில் சொல்ல மூன்று வார அவகாசம். ரயிலில் ஐந்து மணி நேரத் தூரம். கணவர் கணக்கியல் துறையில் இருக்கிறார். பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அலுவலகம். மகனுக்கு 8 வயது. அப்பாவுக்கு 72, அதே பெருநகரத்தில் தனியாக இருக்கிறார். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அலுவலகம் முடிந்ததும் நேரே அப்பா வீட்டுக்குப் போய், இரவு ஒன்பது மணி வரை இருந்துவிட்டு வருவது இவரது பழக்கம்.

சென்ற மாதம் கணவனும் மனைவியுமாக அந்த ஊரைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். சனிக்கிழமை மதியம் போய், ஞாயிறு இரவு திரும்பிவிட்டார்கள். “எட்டரைக்கெல்லாம் கடைத்தெரு அடங்கிவிட்டது. என் வாழ்க்கையும் இப்படித்தான் அடங்கப்போகிறது என்று தோன்றியது. விடுதி அறைக்கு வந்து அழுதேன்” என்கிறார். ஊர் திரும்பியதும் எக்ஸெலில் ஓர் அட்டவணை போட்டிருக்கிறார். 24 வரிசைகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை முக்கியத்துவம். கூட்டிக் கழித்துப் பார்த்ததில் இப்போதைய ஊருக்கு 78, புது ஊருக்கு 61. கணவரோ, “சின்ன ஊர், அலைச்சல் இருக்காது, நிம்மதியாக இருக்கலாம்” என்கிறாராம். “ஒரு தடவை போய்விட்டால் அப்புறம் திரும்பி வரவே முடியாது” என்பது தோழிகளின் எச்சரிக்கை. மேலாளரிடம் கேட்டதற்கு, “ரெண்டு வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்” என்றிருக்கிறார்.

“ஒரு ஊரின் வாழ்க்கையை எப்படி எடைபோடுவது? 61 என்றால் போகாதே என்றுதானே அர்த்தம்?” இது அவர் கேள்வி.

அன்புள்ள வாசகிக்கு,

அட்டவணையையும் இணைத்து அனுப்பியதற்கு நன்றி. கடிதத்தைவிட அது எனக்கு அதிகம் பேசியது. நான் மனநல ஆலோசகர். நகரத் திட்டமிடல் என் துறை இல்லை. ஆனால் வேலைக்காக ஊர் மாறியவர்களும், மாறலாமா என்று தவிப்பவர்களும் என் அறைக்கு நிறையவே வருகிறார்கள். அவர்களிடம் கேட்டதையும், இதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் கண்டதையும் வைத்துச் சொல்கிறேன். போங்கள், போகாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் எதைப் பார்க்காமல் விட்டீர்கள் என்று மட்டும் காட்ட முடியும்.

முதலில் அந்த 61

1998ல் டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு வேலை செய்தார்கள். குளிரும் காற்றுமாக இருக்கும் நடுமேற்குப் பகுதியிலும், வெயிலுக்குப் பேர்போன தெற்குக் கலிபோர்னியாவிலும் படிக்கும் மாணவர்களிடம், வாழ்க்கை எவ்வளவு திருப்தியாக இருக்கிறது என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு திருப்திதான். ஆனால், உங்களைப் போன்ற ஒருவர் அந்த இன்னொரு இடத்தில் இருந்தால் எப்படி இருப்பார் என்று கேட்டபோது, இரண்டு தரப்பும் கலிபோர்னியாக்காரர்தான் கூடுதல் திருப்தியோடு இருப்பார் என்றது. இரண்டு ஊரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணில் படுவது வித்தியாசம். அங்கே அது வெயில். அங்கேயே வாழ்கிறவர் வெயிலை நினைத்துக்கொண்டா காலையில் எழுந்திருக்கிறார்? அவருக்குப் பரீட்சை, அறைத்தோழன், காதல் என்று ஆயிரம் இருக்கும்.

உங்கள் அட்டவணையும் வித்தியாசங்களின் பட்டியல்தான். திரையரங்குகள், விமான நிலையம், புத்தகக் கடைகள், இரவு பதினொன்று வரை திறந்திருக்கும் இடங்கள். கடைசியாகத் திரையரங்குக்கு எப்போது போனீர்கள்? கேலியாகக் கேட்கவில்லை. நம்மில் பலருக்குப் பெருநகரம் தருவது ‘நினைத்தால் போகலாம்’ என்ற உணர்வு. போவது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. அந்த உணர்வுக்கும் ஒரு மதிப்பு உண்டு. அதை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் தினசரி வாழ்க்கையின் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

அட்டவணையில் என்னை நிறுத்தியது 19வது வரிசை. ‘அப்பா’ என்று போட்டு, முக்கியத்துவம் 5 கொடுத்திருக்கிறீர்கள். அதற்கு நேர் மேலே, 18வது வரிசையில், ‘விமான நிலையம்’. அதற்கு 4. ஆக, விமான நிலையமும் இரண்டு திரையரங்குகளும் சேர்ந்தால் அப்பாவை ஈடுகட்டிவிடலாம் என்கிறது கணக்கு. அட்டவணைக்கு வெட்கம் கிடையாது. எதையும் எதோடும் கூட்டிவிடும். உங்களால் அப்படிக் கூட்ட முடியாது என்பதால்தான் 78, 61 என்று தெளிவாக விடை வந்த பிறகும் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள்.

அதனால் 24 வரிசைகளையும் இரண்டாகப் பிரியுங்கள். இது இல்லாவிட்டால் மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் போக மாட்டேன் என்பவை ஒரு பக்கம். இருந்தால் நல்லது என்பவை மறுபக்கம். முதல் பக்கத்தில் மூன்று நான்குக்கு மேல் வராது என்று நினைக்கிறேன். அவற்றுக்கு மதிப்பெண் தேவையில்லை. இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான்.

நீங்கள் பார்த்தது எந்த ஊரை?

சனிக்கிழமை மதியத்திலிருந்து ஞாயிறு இரவு வரை பார்த்தது, அந்த ஊர் உங்களிடம் வேலை வாங்காத நேரம். வெளியூர்க்காரர்கள் தங்கும் விடுதி வழக்கமாகக் கடைத்தெருவிலோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலோ இருக்கும். கடை அடைத்த பிறகு அந்தப் பகுதி எந்த ஊரிலும் பாழடைந்ததுபோலத்தான் தெரியும். நடுத்தர நகரங்களில் மாலை வாழ்க்கை கடைத்தெருவில் நடக்காமல் குடியிருப்புப் பகுதிகளில், மைதானங்களில், வகுப்புகளில், சங்கக் கூட்டங்களில், வீட்டு வாசல்களில் நடக்கலாம். அறிமுகம் இல்லாதவருக்கு அது கண்ணில் படாது. பெருநகரம் தன்னை வெளியே காட்டும்; நடுத்தர நகரத்துக்குள் யாராவது கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

அதற்காக அந்த ஊர் உயிர்த்துடிப்போடு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நிஜமாகவே எட்டரைக்கு அடங்கிவிடும் ஊராகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க வேலைநாளில் போக வேண்டும். ஒரு நாள் விடுப்புப் போட்டு, திங்கள் இரவே போய்விடுங்கள். செவ்வாய்க்கிழமையை அங்கே முழுதாக வாழ்ந்து பாருங்கள். செவ்வாய்க்கிழமையில் விசேஷம் ஒன்றும் இல்லை, அதனால்தான் அது. வாரத் தொடக்கத்தின் பரபரப்பும் இல்லை, வார இறுதியின் எதிர்பார்ப்பும் இல்லை. வாழ்க்கையின் பெரும்பகுதி அப்படிப்பட்ட நாள்களில்தான் கழிகிறது.

காலை எட்டே காலுக்கு, மகனைச் சேர்க்க நினைக்கும் பள்ளியின் வாசலில் நில்லுங்கள். குழந்தைகளை யார் கொண்டுவந்து விடுகிறார்கள், பெற்றோர் ஒருவரோடு ஒருவர் நின்று பேசுகிறார்களா, இறக்கிவிட்டதும் பறக்கிறார்களா என்று பாருங்கள். அங்கிருந்து கிளை வரப்போகும் இடத்துக்கு அதே நேரத்தில் பயணம் செய்யுங்கள். சாயங்காலம் ஆறரைக்குத் திரும்ப அதே வழி.

இரவு எட்டரைக்கு, நீங்கள் குடியேற நினைக்கும் பகுதியில் மருந்துக்கடை திறந்திருக்கிறதா என்று தேடிப் போங்கள். போகிற வழியில் பெண்களை எண்ணுங்கள். நியூயார்க்கின் சதுக்கங்களில் வருடக்கணக்காகக் கேமராவோடு உட்கார்ந்து மக்களைக் கவனித்த வில்லியம் வைட் ஒன்றைக் குறித்துவைத்தார்: பெண்கள் கூடுதலாக வந்து உட்காரும் இடம் நன்றாகப் பராமரிக்கப்படும் இடமாக இருக்கும். எங்கே உட்காருவது என்பதில் அவர்கள் ஆண்களைவிடக் கறாராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊர் பாதுகாப்பானதா என்று பத்துப் பேரிடம் கேட்பதைவிட, அந்த நேரத்தில் தனியாக நிதானமாக நடந்துபோகும் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுவது எனக்கு நம்பகமாகப் படுகிறது.

இன்னும் ஒன்று. அதே தெருவில் அரை கிலோமீட்டர், உங்கள் அப்பாவின் நடை வேகத்தில் நடந்து பாருங்கள். நடைபாதை எங்கே முடிகிறது, எத்தனை இடத்தில் சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது, உட்கார ஒரு திண்டாவது இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். உங்கள் வேகத்தில் நடந்தால் இதெல்லாம் கண்ணில் படாது.

ஊரைவிடத் தெரு முக்கியம்

டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்பவர் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை ஒப்பிட்டார். ஒன்றில் நாளுக்குச் சுமார் 2,000 வண்டிகள் போயின. இன்னொன்றில் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக 3 நண்பர்களும், பார்த்தால் பேசும் அறிமுகங்கள் ஆறுக்கு மேலும் இருந்தார்கள். வண்டி நிறைந்த தெருவில் நண்பர் ஒருவர்கூட முழுதாக இல்லை, 0.9தான், அறிமுகங்கள் மூன்று பேர். ஊர் ஒன்று, சட்டம் ஒன்று, தட்பவெப்பம் ஒன்று. தெரு மட்டும் வேறு.

இதை உங்கள் கணவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ‘சின்ன ஊர், அலைச்சல் இருக்காது’ என்பது தானாக நடந்துவிடாது. டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளை நேரம் நேரமாக நினைவுகூரச் சொல்லிக் கேட்ட ஆய்வு 2004ல் வந்தது. காலையில் வேலைக்குப் போகும் பயணம் பட்டியலின் அடியில் இருந்தது. வேலை முடிந்து பிறரோடு பேசிப் பழகும் நேரம் மேலே. பயணம் குறைந்தால் நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் போக்குவரத்தை ஆராய்ந்த யாக்கோவ் ஸஹாவியும், அவருக்குப் பின் 1994ல் செசாரே மார்க்கெட்டியும் சொன்னது வேறொன்று: மக்கள் சராசரியாக ஒரு நாளில் ஒரு மணி நேரம் போல் பயணத்தில் செலவிடுகிறார்கள், வேகம் கூடினால் மிச்சமான நேரத்தைக் கொண்டு இன்னும் தள்ளிப் போய்விடுகிறார்கள். சிறிய ஊருக்கு வந்ததும், ‘இங்கேதான் எல்லாம் பக்கமாயிற்றே, கொஞ்சம் தள்ளிப் பெரிய வீடாகப் பார்க்கலாம்’ என்று ஊர் எல்லைக்கு வெளியே போய் உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் இரண்டு அறை கூடியது. மகனை வகுப்புக்குக் கொண்டுவிட்டுக் கூட்டிவருவதிலேயே மாலை முழுக்கப் போனது. புது ஊரில் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய லாபமே அந்த மாலை நேரம்தான். அதை வீட்டின் சதுர அடிக்கு விற்றுவிடாதீர்கள்.

இரண்டாவது இருக்கிறதா?

பெருநகரத்தில் எதற்கும் பத்தாவது வாய்ப்பு உண்டு. கிராமத்தில் சில விஷயங்களுக்கு ஒன்றே ஒன்று, பலவற்றுக்கு அதுவும் இல்லை. நடுத்தர நகரத்தை எடைபோட நான் எல்லோரிடமும் சொல்லும் கேள்வி, ‘இரண்டாவது இருக்கிறதா?’ என்பது.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. வால்டர் கிறிஸ்டாலர் என்ற ஜெர்மானியப் புவியியலாளர் 1933ல் விளக்கியது: ஒவ்வொரு சேவையும் ஓர் இடத்தில் நிலைத்து நிற்க, அதைப் பயன்படுத்தும் ஆள்கள் குறைந்தபட்சம் இத்தனை பேர் வேண்டும். மருந்துக்கடைக்குக் கொஞ்சம் பேர் போதும். குழந்தைகளுக்கான நரம்பியல் நிபுணருக்கு ஏராளமானோர் வேண்டும். ஏழு லட்சம் பேர் உள்ள ஊரில் அன்றாடத் தேவைகளுக்குப் பஞ்சம் வராது. அரிதான தேவைகளில்தான் ஓட்டை விழும். எனவே ஊரைப் பொதுவாக எடைபோடுவதில் பயனில்லை. உங்கள் வீட்டின் அரிதான தேவைகள் என்னென்ன என்று எழுதுங்கள். மகனுக்கு மூச்சிரைப்பு உண்டு என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அவனைப் பார்க்க அங்கே ஒரு நல்ல மருத்துவர் இருக்கிறாரா என்பதோடு நிறுத்தாதீர்கள். அவர் ஊரில் இல்லாத இரவில் இரண்டாவதாக யார்? முதல் பள்ளி ஒத்துவராவிட்டால் நடுவில் மாற்றிக்கொள்ள இரண்டாவது பள்ளி எது? கடைசி ரயிலைத் தவறவிட்டால் அடுத்து எப்படிக் கிளம்புவது?

எல்லாவற்றையும்விட இது உங்கள் வேலைக்குப் பொருந்தும். கிளை மூன்று வருடத்தில் மூடப்படலாம்; அல்லது உங்களுக்கே அந்த வேலை பிடிக்காமல் போகலாம். உங்களைப் போன்ற பொறியாளரை வேலைக்கு எடுக்கக்கூடிய இரண்டாவது நிறுவனம் அந்த ஊரில் இருக்கிறதா? கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. புத்தகக் கடைகளை எண்ணியிருக்கிறீர்கள், நிறுவனங்களை எண்ணவில்லை. இரண்டாவது நிறுவனம் இல்லை என்றால் உடனே மறுத்துவிட வேண்டியதில்லை. ஆனால் அங்கே உங்கள் முதலாளிக்கு உங்கள்மேல் இருக்கும் பிடி கூடும், சம்பளம் பேசும் பலம் உங்களுக்குக் குறையும் என்று தெரிந்தே போக வேண்டும்.

இப்போதைய நகரத்தின் தொழில் வட்டாரத் தொடர்புகளை அறுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். மார்க் கிரானோவெட்டர் 1973ல் வெளியிட்டது இன்றைக்கும் பேசப்படுகிறது. தெரிந்தவர் மூலம் புது வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். எப்போதாவது, அரிதாக என்றவர்களே பெரும்பான்மை. வருடத்துக்கு இரண்டு முறை ஒரு கருத்தரங்குக்கோ பழைய சகாக்களின் சந்திப்புக்கோ வந்து தலைகாட்டுவது உங்களுக்கு ஆடம்பரம் கிடையாது, காப்பீடு.

நண்பர்கள்: அலுவலகம் பார்த்துக்கொள்ளாது

“அலுவலகத்தில் பத்துப் பேர் வருவார்கள், அவர்களோடு பழகிவிடுவேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். அந்தப் பத்துப் பேருக்கும் நீங்கள் தலைவர். ஊதிய உயர்வு உங்கள் கையெழுத்தில் போகும். மரியாதை வரும், நட்பு வருமா என்பது சந்தேகம். கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018ல் வெளியிட்ட ஆய்வில், சமீபத்தில் இடம் மாறியவர்களிடம் புது நட்புகளைப் பற்றிக் கேட்டார். அறிமுகம் என்ற நிலையிலிருந்து சாதாரண நட்பாக மாற ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டியிருந்தது. நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல். சேர்ந்து வேலை செய்த நேரம் இந்தக் கணக்கில் அவ்வளவாக ஏறவில்லை. வேலைக்கு வெளியே வாரம் மூன்று மணி நேரம் ஒருவரோடு கழித்தால், 200 மணி நேரத்துக்கு 67 வாரம் ஆகும். ஆக, ஆறாவது மாதத்தில் ‘எனக்கு இங்கே யாருமே இல்லை’ என்று தோன்றினால் ஊரும் தோற்கவில்லை, நீங்களும் தோற்கவில்லை. கணக்கு இன்னும் முடியவில்லை.

நடுத்தர நகரம் இதில் ஓர் உதவி செய்யும். திட்டமிடாமலே ஒரே முகத்தை மறுபடி மறுபடி பார்ப்பீர்கள்: பள்ளி வாசலில், வங்கியில், நீச்சல் குளத்தில். ரே ஓல்டன்பர்க் 1989ல் வீடு, வேலை இரண்டுக்கும் அப்பாற்பட்ட ‘மூன்றாவது இடம்’ என்று பெயர் வைத்த இடங்களில், போனால் தெரிந்தவர் யாராவது இருப்பார் என்ற நிலை சீக்கிரம் வந்துவிடும். அதற்கு விலையும் உண்டு. மருந்துக்கடையில் நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்று உங்களுக்குக் கீழே வேலை செய்பவரின் தங்கைக்குத் தெரிந்திருக்கும். பெருநகரத்தில் 11 வருடம் முகம் தெரியாமல் வாழ்ந்து பழகியவருக்கு முதல் வருடம் இது மூச்சுமுட்டும். உங்களுக்கு எப்படி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கென்னவோ ஒரு வாரத்திலேயே பித்துப்பிடிக்கும்.

ஆனால் தனிமை உங்களைவிட உங்கள் கணவரைத்தான் முதலில் பிடிக்கும். உங்களுக்குத் தினமும் போக ஓர் இடம் இருக்கும். அவர் ஊர் தெரியாத இடத்தில், ஆள் தெரியாத தெருவில், வீட்டுக்குள் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார். இப்போது அந்த இரண்டு நாள் அலுவலகம் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று அவரே யோசித்ததில்லை போலிருக்கிறது. முழுக்க வீட்டிலிருந்தே வேலை செய்ய அவர் நிறுவனம் எழுத்தில் சம்மதித்திருக்கிறதா? அதுவும் கடிதத்தில் இல்லை. அவர் சொல்லும் நிம்மதி எந்த நேரத்தில், எங்கே, யாரோடு என்று கேளுங்கள். சண்டையாக வேண்டாம். அவருடைய செவ்வாய்க்கிழமையை அவர் வாயால் சொல்லட்டும்.

காகிதத்தில் வர வேண்டியவை

‘போனால் திரும்ப முடியாது’ என்று தோழிகள் சொல்வது விதியைப் பற்றிய பேச்சாக இருக்கிறது. திரும்ப முடியுமா என்பது பெரும்பாலும் நீங்கள் இந்த மூன்று வாரத்தில் என்ன எழுதி வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் வழக்கறிஞர் இல்லை. பதில் சொல்வதற்கு முன் உங்கள் பணி ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். கேட்க வேண்டியவை இவை:

மறுக்கும் உரிமை. எங்கு வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற நிபந்தனையில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் உங்கள் ‘முடியாது’ என்ற பதிலுக்கு வேறு எடை. இல்லையென்றால் இது வெறும் அழைப்பு, மறுக்கலாம். இரண்டுக்கும் நடுவில், ‘இப்போது முடியாது, பள்ளி ஆண்டு முடிந்ததும் வருகிறேன்’ என்ற பதிலும் இருக்கிறது. அதை நீங்கள் யோசிக்கவே இல்லை.

திரும்பும் வழி. “பார்த்துக்கொள்ளலாம்” என்ற மேலாளர் இரண்டு வருடம் கழித்து அந்த நாற்காலியில் இருப்பார் என்று என்ன நிச்சயம்? எத்தனை மாதம் கழித்து, எந்தப் பதவிக்கு நிகரான இடத்துக்குத் திரும்பலாம் என்று எழுத்தில் கேளுங்கள். முழு உறுதி தர மாட்டார்கள். ‘முன்னுரிமை தரப்படும்’ என்று ஒரு வரி வந்தாலும் ஒன்றுமில்லாததற்கு மேல்.

பணம். குடிபெயரும் செலவை யார் ஏற்பது, முதல் மாதம் தங்க இடம் யார் தருவது, ஊர் சிறியது என்று காரணம் காட்டிப் பின்னால் சம்பளத்தைத் திருத்துவார்களா, குறிப்பிட்ட காலத்துக்குள் நீங்கள் விலகினால் அந்தச் செலவைத் திருப்பித் தர வேண்டுமா? கடைசியில் உள்ளதைப் பலர் விலகும் நாளில்தான் படிக்கிறார்கள்.

வீட்டைப் பொறுத்தவரை என் யோசனை சுருக்கமானது. முதல் 12 மாதம் அங்கே வாங்காதீர்கள், இங்கே விற்காதீர்கள்.

பிரிந்திருந்து பார்ப்பது

நீங்கள் முதலில் தனியாகப் போய், மூன்று மாதம் கழித்துக் குடும்பம் வரலாம் என்ற யோசனையையும் எழுதியிருக்கிறீர்கள். தவறில்லை. மகனின் படிப்பு நடுவில் குலையாது. ஊரும் உங்களுக்குப் பிடிபடும். ஆனால் எந்தத் தேதியில் முடிவெடுப்பது என்று முன்பே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். ‘தற்காலிகம்’ என்று தொடங்கி நாலு வருடம் ஞாயிற்றுக்கிழமை இரவு ரயிலிலேயே வாழ்ந்த தம்பதிகள் உண்டு. அவர்கள் யாரும் அப்படி வாழ முடிவெடுக்கவில்லை, முடிவெடுக்காமலே இருந்துவிட்டார்கள். இன்னொன்று: தனியாக இருக்கும் அந்த மூன்று மாதத்தில் மாலை முழுக்க அலுவலகத்திலேயே இருந்துவிடத் தோன்றும். அப்படி இருந்தால் மூன்று மாதம் கழித்தும் ஊரைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

எட்டு வயது மகனைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. அவனுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். இங்கே இருக்கும் ஒரு நண்பனோடு தொடர்பு விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வீட்டில் எது என்ற கேள்வி வந்தால் ஒரு முறை அவனையும் தேர்ந்தெடுக்க விடுங்கள்.

19வது வரிசை

அந்த விடுதி அறையில் அழுததை, ‘இந்த ஊர் வேண்டாம் என்று என் மனசு சொல்கிறது’ என்று புரிந்துகொண்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. கடிதத்தில் அந்தப் பத்தியை மறுபடி படித்துப் பாருங்கள். அடங்கிப்போன கடைத்தெரு, விடுதி அறை, அழுகை, அதற்கு அடுத்த வரி, “அப்பாவுக்கு அன்று போன் பண்ணவில்லை என்று அப்போதுதான் நினைவு வந்தது.” கடைகள் மூடியதற்காக யாரும் அவ்வளவு அழுவதில்லை.

அப்பாவைப் பற்றியும் அதே கேள்வியைத்தான் கேட்பேன்: இரண்டாவது ஆள் யார்? அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தால் இன்றைக்கு நீங்கள் போவீர்கள். ஐந்து மணி நேரத் தூரத்தில் நீங்கள் இருக்கும்போது, அரை மணி நேரத்தில் அவர் வீட்டுக் கதவைத் திறக்கச் சாவி வைத்திருப்பவர் யார்? பக்கத்து வீட்டுக்காரரா, உறவினரா, சம்பளத்துக்கு வரும் உதவியாளரா? பெயரும் தொலைபேசி எண்ணும் எழுத முடிந்தால் போவது பற்றிப் பேசலாம். எழுத முடியாவிட்டால், நீங்கள் போகாமலே இருந்தாலும் அதைச் சரிசெய்ய வேண்டும். உங்களுக்கு உடம்பு சரியில்லாத வாரத்தில் யார் போகிறார்கள்?

வியாழக்கிழமைக்கு ஈடாக, மாதம் இரண்டு முறை வார இறுதியில் வந்து இரவு தங்கலாம். மணிக்கணக்கில் பார்த்தால் அது குறைவில்லை, கூடவும் செய்யலாம். ஆனால் அவருக்கு முக்கியம் மணி நேரமா, வாரா வாரம் வியாழன் என்ற அந்த ஒழுங்கா? நான் இங்கிருந்து சொல்ல முடியாது. உங்களாலும் ஊகித்துச் சொல்ல முடியாது. மூன்று பக்கத்தில் அப்பா நாலு இடத்தில் வருகிறார்: அவருடைய மாத்திரைகள், அவருடைய முழங்கால், அவர் தனிமை, அவர் வயது. அவர் என்ன சொன்னார் என்பது ஓரிடத்திலும் இல்லை. நீங்கள் இன்னும் அவரிடம் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இந்த வியாழக்கிழமை போகும்போது சொல்லிவிடுங்கள். தீர்மானித்த செய்தியாகச் சொல்லாமல், கேள்வியாகவே வையுங்கள். ‘போய்விட்டு வா’ என்று உடனே சொல்லிவிடுவார். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடாதீர்கள், ஒன்பது மணி வரை நேரம் இருக்கிறதே. அப்புறம், அந்தச் செவ்வாய்க்கிழமைப் பயணத்துக்கு அவரும் வருகிறாரா என்று கேட்டு, வந்தால் இரண்டு சீட்டாக எடுங்கள். அந்த அரை கிலோமீட்டரை அவரே நடந்து பார்க்கட்டும்.